டி கட்டில்காரன்

டி கட்டிலில் தொங்கிய துண்டு ஈரமாக இருந்தது.

ரேடியோ அதைத் தற்செயலாகத்தான் தொட்டான். மதிய வகுப்பு முடிந்து வந்து, மழையில் நனைந்த பையை வைக்க இடம் தேடியபோது புறங்கை பட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. சாரல் அந்த மூலை வரை வராது. துண்டைப் பிழிந்து பார்த்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது. சோப்பு வாசனை. அதற்கு அடியில், யாரோ இப்போதுதான் தலை துவட்டிவிட்டுப் போனது போல, உடம்பின் வெதுவெதுப்பான வாசனை.

டி கட்டிலில் யாரும் கிடையாது.

"டேய், இந்தத் துண்டை யாரு நனைச்சது?"

ஏ கட்டிலில் படுத்திருந்த, எல்லாவற்றுக்கும் திட்டம் போடுவதால் மேனேஜர் என்று பெயர் வாங்கியவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "நனைஞ்சிருக்கா? அட, நல்ல யோசனைடா. காஞ்ச துண்டு தொங்கினா வார்டனுக்குச் சந்தேகம் வரும். ரேடியோவுக்கு மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"மூளை இருக்கு. சிக்னல்தான் கிடைக்காது" என்றான் பி கட்டிலிலிருந்து தாத்தா. பதினெட்டு வயதில் காதோரம் நரைத்துவிட்டதால் அவனுக்கு அந்தப் பெயர். பேச்சும் அதற்கேற்ற நிதானம்.

நான் இல்லை என்று ரேடியோ சொல்லியிருக்கலாம். பாராட்டு அவனுக்குப் புதிது. "பின்னே?" என்றான்.

விளம்பரப் படங்களில் அந்தப் பல்கலைக்கழகம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். முதலாண்டு மாணவர் விடுதி விளம்பரத்தில் வராது. நீண்ட நடைபாதை, இருபக்கமும் ஒரே நிறக் கதவுகள், அறைக்கு நான்கு கட்டில். கட்டில்களுக்குப் பெயர் ஏ, பி, சி, டி. வார்டனுக்கு முழங்கால் வலி. மாலையில் இருட்டத் தொடங்கியதும் மாடிப்படி முடியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அறை எண்ணையும் எழுத்தையும் சத்தமாகக் கூப்பிடுவார். அறைக்குள்ளிருந்தே பதில் சொன்னால் போதும். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எழுத்துக்கு ஒரு குரல் வந்துவிட்டால் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலை, எல்லோரும் வகுப்பில் இருக்கும்போது, கட்டில்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

டி கட்டிலுக்கு உரியவன் வரவே இல்லை. வேறு எங்காவது இடம் கிடைத்திருக்கும் என்றார்கள். காலிக் கட்டில் அந்த நடைபாதைக்கே சோபா ஆனது. பக்கத்து அறைப் பையன்கள் அதில் வந்து சரிந்து கிடப்பார்கள். ரேடியோ பேராசிரியர்களைப் போலப் பேசிக் காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்படித்தான் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வந்தது. பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தவன் அவன். இங்கே உணவுக்கூடத்தில் அவன் தட்டோடு வருவதைப் பார்த்ததும் மேனேஜர் காலாலேயே ஒரு நாற்காலியை இழுத்துவிடுவான். அந்த நாற்காலி தரையில் உரசும் சத்தத்துக்காக ரேடியோ என்ன வேண்டுமானாலும் செய்வான்.

மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவன்தான் எச்சரித்தான். "மூணு பேர் இருக்கிற ரூமைப் பிரிச்சிடுவாங்க தம்பிகளா. கடைசியா சேர்ந்தவன் பெட்டியைத் தூக்கணும். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பழைய கட்டடம் இருக்கு பாரு, அங்க ஒத்தை ரூம்."

கடைசியாகச் சேர்ந்தவன் ரேடியோ.

அண்ணன் எச்சரித்த அன்று மாலை வார்டன் "டி?" என்றபோது மேனேஜரும் தாத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ தொண்டையைச் செருமினான். மூக்கடைத்த, தூக்கம் கலையாத குரலில் "இருக்கேன் சா...ர்" என்றான். வார்டன் அடுத்த அறை எண்ணுக்குப் போனார். இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். "பின்றடா" என்றான் மேனேஜர்.

அதன்பின் அது ஒரு விளையாட்டு. தாத்தா அவனுக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தான். விருந்தாளி பேசுமுன் செருமுவான். எதைக் கேட்டாலும் அப்புறம் பாத்துக்கலாம் என்பான். சுவரைப் பார்த்துத்தான் படுப்பான். மேனேஜர் அவனுக்குப் பல்துலக்கும் பிரஷ், ஒரு சோப்பு, செருப்பு, துண்டு எல்லாம் வாங்கி வைத்தான். தலையணையில் முஷ்டியால் குத்தி ஒரு பள்ளம் போட்டான், யாரோ படுத்து எழுந்த மாதிரி.

"ஆளு பாக்க எப்படி இருப்பான்?" என்று ஒருநாள் ரேடியோ கேட்டான்.

"அது எதுக்குடா?" என்றான் தாத்தா. "வார்டன் பாக்கப் போறதில்ல. முகம் வேண்டாம், வேலை மிச்சம்."

துண்டுக்குப் பிறகு சோப்பு. புதிதாகப் பிரித்து வைத்தபோது அதன் மேல் எழுத்துகள் புடைத்திருந்தன. இப்போது எழுத்துகள் தேய்ந்து, ஓரம் வழுக்கி, நடுவில் மெலிந்து கிடந்தது. தாத்தாவின் சோம்பேறித்தனம் என்று ரேடியோ நினைத்தான். அவன்தான் எதையும் யாரிடமும் கேட்காமல் எடுப்பான். பிரஷின் இழைகள் இருபக்கமும் வளைந்திருந்தன. அடுத்தவன் பிரஷைத் தாத்தாகூடத் தொடமாட்டான்.

பக்கத்து அறைப் பையன்கள் டி கட்டிலில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். வருவார்கள். தரையில் உட்காருவார்கள். ஏன் என்று யாரும் யோசித்தது போலத் தெரியவில்லை.

ரேடியோவின் தொண்டையும் கெட்டுக்கொண்டு வந்தது. மாற்றுக்குரலில் பேசிப் பேசி வந்த கரகரப்பு என்று முதலில் நினைத்தான். வெந்நீர் குடித்தான். அவன் ஒன்று சொன்னால் மற்றவர்கள் "என்ன?" என்றார்கள். இரண்டாவது தடவையும் "என்ன?" என்றார்கள்.

ஞாயிறு மாலைகளில் அம்மா வீடியோவில் வருவாள். மருத்துவமனையில் செவிலி வேலை. வாரத்தில் அந்த ஒரு மாலைதான் அவளுக்கு ஓய்வு. அவனைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

"தொண்டை என்னடா இப்படி இருக்கு?"

"சளிம்மா."

"சத்தமே வரலையே. கூட இருக்கிற பசங்க நல்லாப் பாத்துக்கிறாங்களா?"

"நல்ல பசங்கம்மா."

"ரூம்ல மொத்தம் எத்தனை பேரு?"

மூன்று என்று சொல்ல வாயெடுத்தான். "நாலு" என்றான். வழக்கமாகிவிட்டது.

புதிய மாணவர்களை வரவேற்கும் விழா அரங்கத்தில் நடந்தது. வண்ண விளக்குகள், அதிரும் ஒலிபெருக்கிகள், நூற்றுக்கணக்கான உடம்புகளின் வியர்வையும் வாசனைத் திரவியமும் கலந்து கழுத்தளவு நின்ற காற்று. ரேடியோ மேடையேறினான். வார்டன் குரலில் தொடங்கினான். ஒலிவாங்கியில் காற்று மட்டும் போனது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பாதியில் இறங்கினான்.

"விடுடா, தொண்டை சரியில்ல" என்றான் அடுத்த அறைக்காரன், தோளைத் தட்டி. "உங்க ரூம்ல இருக்கானே, மூக்கால பேசுவானே, அவன் இதையே நல்லாப் பண்றான். நேத்து என் சார்ஜர் கேட்டு வந்தான். வார்டன் மாதிரியே கேட்டான். சிரிச்சுச் சிரிச்சு கொடுத்துட்டேன்."

"யாரு?"

"உங்க டி."

மேனேஜரின் வேலை. ரேடியோ அப்படித்தான் முடிவு செய்தான். மொத்த நடைபாதையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அவனை ஓட்டுகிறார்கள். அவனும் சிரித்துவைத்தான். உணவுக்கூடத்துக்குப் போனான். தூரத்திலிருந்தே நாற்காலி உரசும் சத்தம் கேட்டது. தட்டோடு விரைந்து போய் அதன் முதுகைப் பிடித்தான்.

"அது விருந்தாளிக்குடா" என்றான் மேனேஜர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓட்டினது போதும்டா."

"என்ன?"

ரேடியோ நின்றுகொண்டே சாப்பிட்டான். நாற்காலி காலியாகவே இருந்தது. தாத்தா அந்தப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான், தலையாட்டினான், சிரித்தான். அந்தச் சிரிப்பு ஓட்டுகிற சிரிப்பாக இல்லை.

அன்று மாலை அறையில் சோப்பு வாசனை கனத்திருந்தது. மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே குழாயிலிருந்து தண்ணீர் வடியும் சத்தம், நடைபாதையில் ஒவ்வொரு அறை எண்ணாக நெருங்கிவரும் வார்டனின் குரல், அதற்குப் பதிலாக ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் எழும் விதவிதமான குரல்கள். ரேடியோ சி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். டி கட்டில் அவன் முதுகுக்குப் பின்னால்.

"ஏ?" மேனேஜர். "பி?" தாத்தா.

"சி?"

"இருக்கேன் சார்." கரகரத்து, பாதி உடைந்து போனது.

மூச்சை இழுத்துக்கொண்டான், அடுத்ததற்காக.

"டி?"

அவன் வாய் திறக்கவில்லை.

பின்னால் ஒரு செருமல். சின்னது. அவன் கண்டுபிடித்த செருமல்.

"இருக்கேன் சா...ர்."

மேனேஜர் தலை தூக்கவில்லை. தாத்தா ஒரு பக்கத்தைப் புரட்டினான். வார்டன் அடுத்த அறை எண்ணைக் கூப்பிட்டார்.

ரேடியோ மெதுவாகத் திரும்பினான். டி கட்டிலில் போர்வை மேடாக இருந்தது. தலை வரை மூடி, சுவரைப் பார்த்து. ஏறி இறங்கியது.

"மேனேஜர்."

"ம்?"

"அங்க யாருடா?"

மேனேஜர் டி கட்டிலைப் பார்த்தான். பிறகு ரேடியோவின் பக்கம் பார்த்தான். ரேடியோவை அல்ல. அவனுக்கு ஒரு சாண் தள்ளி, சுவரை. "தூங்கறான், விடு. சத்தம் போடாத."

விடியும்வரை போர்வை திரும்பவில்லை. ரேடியோ கண் மூடவில்லை.

காலையில் வார்டனின் அறைக்குப் போனான். இன்னும் ஒரு நாள் காத்திருக்க அவனால் முடியாது. பழைய கட்டடம், ஒத்தை அறை, எதுவானாலும் சரி. வார்டன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ மேசைக்கு மிக அருகில் போய், ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளிப் பேசினான்.

"சார், எங்க ரூம்ல டி கட்டில்ல யாருமே இல்ல. நான்தான் குரல் கொடுத்தேன்."

வார்டன் கண்களைச் சுருக்கினார். "டி-யிலயா? இந்தத் தைலமே அவன் வாங்கிட்டு வந்ததுதானே. நல்ல பையன். எனக்கு முகமெல்லாம் நிக்காது தம்பி. குரல் நிக்கும்."

"சார்..."

"எனக்குச் சந்தேகம் சி மேலதான். கொஞ்ச நாளாவே குரல் ஒட்டல. யாரோ இல்லாத ஒருத்தனுக்காக நடிக்கிற மாதிரி இருக்கு. நாளைக்குக் காலையில முழங்கால் போனாலும் போகட்டும்னு நேர்ல வந்து பாக்கப் போறேன். ஆள் இல்லன்னா ரூமைப் பிரிச்சிடுவேன்."

"நான்தான் சார் சி."

வார்டன் தைலப் புட்டியை மூடினார். கதவின் பக்கம் பார்த்தார். மேசையைப் பார்த்தார். யாரோ வந்தார்களே என்று தேடுகிறவரைப் போல. பிறகு எழுந்து, நொண்டி நொண்டி வந்து, அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுவதும் ரேடியோ மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். பந்து இரண்டு முறை அவன் பக்கம் உருண்டு வந்தது. எடுக்க வந்தவர்கள் அவனிடம் கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிடக் கையைச் சட்டைப்பையில் விட்டான். போன் இல்லை. அறையில். சி கட்டிலின் தலையணைக்கு அடியில்.

மாலை. அம்மா வரும் நேரம்.

ஓடினான். அம்மா பார்த்துவிட்டால் போதும். அவளுக்கு அவனைத் தெரியும். காய்ச்சலில் குரலே இல்லாமல் கிடந்தபோதும், வாயசைவை வைத்தே அவனுக்கு என்ன வேண்டும் என்று சொன்னவள்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. சோப்பு வாசனை நடைபாதை வரை வந்திருந்தது.

மேனேஜர் சி கட்டிலின் தலையணையில் முஷ்டியால் ஒரு பள்ளம் குத்திக்கொண்டிருந்தான். தாத்தா ரேடியோவின் செருப்பை ஒன்றுக்கொன்று கோணலாக வைத்தான்.

"கழட்டிப் போட்ட மாதிரி இருக்கா?"

"இருக்கு. துண்டை எடு."

குளியலறையில் குழாய் திறந்தது. தாத்தா ரேடியோவின் நீலத் துண்டைப் பிழிந்துகொண்டே வந்து, கட்டில் கம்பியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டான். சொட்டியது.

"காஞ்ச துண்டுன்னா சந்தேகம் வரும்" என்றான் மேனேஜர். டி கட்டிலைக் காட்டினான். "இவன் யோசனைதான்."

டி கட்டிலில் அது உட்கார்ந்திருந்தது. சுவரைப் பார்த்து. ஈரத் தலை. ஒடுங்கிய முதுகு.

"டேய்" என்றான் ரேடியோ. "நான் இங்கதாண்டா இருக்கேன்."

தாத்தா கைகளைத் தேய்த்துக்கொண்டான். "காத்து வருது. கதவைச் சாத்து."

மேனேஜர் சாத்தினான். அவன் தோள் ரேடியோவை உரசிக்கொண்டு போனது. நிற்கவில்லை.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். வார்டன் இருமினார். எண்கள் நெருங்கின.

"ஏ?"

"பி?"

"சி?"

ரேடியோ அடிவயிற்றிலிருந்து கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

"சி?" வார்டனின் குரல் உயர்ந்தது.

சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு செருமல். பிறகு குரல். கரகரப்பு இல்லாத, முதல் வாரத்து, அத்தனை பேரையும் சிரிக்க வைத்த குரல். அவனுடைய குரல்.

"இருக்கேன் சார்."

மேனேஜரும் தாத்தாவும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"பின்றடா" என்றான் மேனேஜர்.

"டி?"

"இருக்கேன் சா...ர்."

சி தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது.

ரேடியோ பாய்ந்தான். விரல்கள் போனின் மேல் பட்டன. வழுக்கின. மறுபடியும். மறுபடியும் வழுக்கின. அவன் கைக்கு மேலாக ஈரக் கை ஒன்று வந்து அதை எடுத்துக்கொண்டது. போனோடு டி கட்டிலுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

"கண்ணா" என்றாள் அம்மா.

"சொல்லும்மா."

"அப்பாடா. தொண்டை சரியாயிடுச்சு. இப்பத்தான் என் பிள்ளை குரல் மாதிரி இருக்கு. சாப்பிட்டியா?"

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

ஈரத் தோளுக்கு மேலாக ரேடியோவுக்குத் திரை தெரிந்தது. வேலை உடுப்பைக்கூட மாற்றாத அம்மா. சாப்பாடு மூடியபடி பக்கத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். திரையைக் கட்டைவிரலால் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். ரேடியோ கையை ஆட்டினான். அம்மா, இங்கே. பின்னால் பார். அம்மா.

"முகம் தெரியலையேப்பா. வழவழன்னு என்னமோ தெரியுது."

"அப்புறம்..."

"என்ன அப்புறம்? வாரம் முழுக்க இதுக்குத்தானே உக்காந்திருக்கேன். முகத்தைக் காட்டுடா கண்ணா."

அது போனைக் கட்டிலில் வைத்தது.

எழுந்தது.

முதன்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பியது.

தேய்ந்த சோப்பு. எழுத்தெல்லாம் போன பிறகு இருக்கும் வழவழப்பு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவனைத்தான் பார்த்தது. அந்த அறையில் அவனைப் பார்த்தது அது ஒன்றுதான்.

ஒரு எட்டு. இன்னொரு எட்டு. பின்வாங்கிய ரேடியோவின் முதுகில் கதவு இடித்தது. மேனேஜர் விளக்கை இன்னும் பிரகாசமாக்கினான். "வெளிச்சம் போதுமாடா?" என்றான் யாரிடமோ. தாத்தா கொட்டாவி விட்டான்.

ஈரமான உள்ளங்கை அவன் நெற்றியில் படிந்தது. குளிர்ச்சி. மெதுவாகக் கீழே இறங்கியது, முகம் துடைப்பது போல. புருவம். இமை. மூக்கு.

இருட்டு.

சோப்பு வாசனை.

காலடிகள் திரும்பிப் போயின. கட்டில் கிரீச்சிட்டது. நீலத் துண்டிலிருந்து தரையில் சொட்டு விழுந்தது. பிறகு, எங்கிருந்தோ, அம்மாவின் குரல்.

"ஆங். இப்ப நல்லாத் தெரியுது. ஏன்டா, இளைச்சுட்டியே."